இலைக் கக்கத்தில் பூப்பது

துணியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தேயிலைப் பூ இல்லை, பிள்ளை" என்றார் அம்மா.

நாலு மாதம் தைத்த துணி அது. ஒரு முழ அகலச் சணல் சாக்கு. அதன் நடுவில் ஒரு தேயிலைக் கொழுந்து. இரண்டு இலைகளின் உச்சியில் வானத்தைப் பார்த்து விரிந்த ஒரு வெள்ளைப் பூ. இதழ்களுக்கு மூன்று வகை வெள்ளை நூல், நடுவில் மஞ்சள் முடிச்சுகள். முடித்த அன்று சுவரில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்துப் பூரித்திருந்தேன். அம்மாவுக்குக் காட்டவென்றே மடியில் வைத்துக்கொண்டு இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து தோட்டத்து பஸ்ஸில் கொண்டுபோனேன்.

"எங்கே பிழை, அம்மா?"

"தேயிலைப் பூ நுனியில் பூக்காது. இலைக் கக்கத்தில்தான் பூக்கும். பூத்தால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். நீ தைத்தது ரோசாப் பூ மாதிரி அண்ணாந்து நிற்கிறது."

அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்தெடுத்தவர். அவர் வேலைக்குப் போன காலமெல்லாம் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ரேகை ரேகையாகப் படிந்திருந்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போனதில்லை. அவர் ஒன்றைத் தேயிலைப் பூ இல்லை என்று சொன்னால் அது தேயிலைப் பூ இல்லை.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். காம்பராவின் பின்கதவைத் திறந்தால் தேயிலைதான். பதினெட்டு வயது வரை ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போனேன். இருந்தும் தேயிலைப் பூவைத் தைக்க உட்கார்ந்தபோது என் கை போட்டது ரோசாவை. அந்த ரோசா என் கைக்குள் எப்படி வந்தது என்பதை அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாடசாலையில் மனையியல் பாடத்தில்தான் முதலில் ஊசி பிடித்தேன். டீச்சர் மாதிரிப் புத்தகத்தைத் திறந்து வைப்பார். கார்பன் தாளை வெள்ளைத் துணியின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனையால் கோட்டின் மேல் கோடு இழுப்போம். நீலக் கோட்டில் ரோசா இறங்கும், டெய்சி இறங்கும், பெயர் தெரியாத ஐந்திதழ்ப் பூக்கள் இறங்கும். காம்புக்குக் காம்புத் தையல், இலைக்குச் சங்கிலித் தையல், இதழுக்கு சாட்டின் தையல். ஆறு இழை நூலைப் பிரித்து இரண்டிரண்டு இழையாகக் கோக்க வேண்டும் என்பதை அங்கே கற்றேன். பொறுமையையும் அங்கேதான் கற்றேன். அந்தப் புத்தகத்தில் எங்கள் பாதையோரத்துப் பூ ஒன்றுகூட இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மழைக்காலம் முடிந்ததும் சரிவெல்லாம் மஞ்சளாகும் காட்டுச் சூரியகாந்தி இல்லை. நாங்கள் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரத்தில் சீப்புப் போல வரிசையாக நிற்கும் செம்மஞ்சள் பூ இல்லை. துணியில் போடத் தகுந்த பூ வேறு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பூ வேறு என்று மனம் தானாகவே பிரித்து வைத்திருந்தது.

அதற்கும் முன்னால் அப்பாயியின் துணி ஒன்று உண்டு. அப்பாயி பங்களாவில் ஆயம்மாவாக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரை வீட்டார் மூட்டை கட்டிப் போனார்கள். வேண்டாமென்று அவர்கள் விட்டுப்போனவற்றில் ஒரு தட்டு விரிப்பும் இருந்தது. ஓரத்தில் பழுப்புக் கறை. நான்கு மூலையிலும் இளஞ்சிவப்பு ரோசா. அப்பாயி அதைக் கடைசிவரை விரித்ததே இல்லை, தகரப் பெட்டியின் அடியில்தான் வைத்திருந்தார். அந்தத் துணியை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேனோ! பூத்தையல் பழகியவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், முதலில் துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். நூல் எங்கே தொடங்கியது, எங்கே தாவியது, முடிச்சுப் போட்டதா, இழைக்குள் நுழைத்து மறைத்ததா என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். அந்த ரோசாவின் பின்பக்கம் முன்பக்கம் அளவுக்கே சுத்தமாக இருந்தது. தைத்தது யாரென்று தெரியாது. அந்தக் கையின் ஒழுங்கைப் பார்த்துத்தான் நான் தைக்கப் பழகினேன். அதை இப்போதும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். பூவைக் காட்டச் சொன்னேன்.

அம்மா உடனே எழுந்து வரவில்லை. "அதைப் பார்க்க மேல் மலைக்குப் போக வேண்டும்" என்றார். மேல் மலை என்பது ஆள் போதாமல் சில வருடங்களாக விட்டுவிட்ட மலை. ஏறிப் போகும் படிகள் புல்லில் மறைந்திருந்தன. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, அம்மா முன்னால் நடக்க நான் பின்னால் நடந்தேன்.

பறிக்கிற மலையில் பூவைப் பார்ப்பது அரிது. காரணம் எளிமையானது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை துளிரைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் செடி மறுபடி மறுபடி இலை விடுவதிலேயே தன் பலத்தைச் செலவிடுகிறது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி அதைத் திரும்பவும் கட்டையாக்கிவிடுகிறார்கள். நாம் இடுப்பளவுச் செடியாகப் பார்க்கும் தேயிலை, விட்டால் மரமாக வளரக்கூடியது. மேல் மலையில் அது விடப்பட்டிருந்தது. தலைக்கு மேலே கிளை வீசி, சில இடங்களில் ஒன்றோடொன்று பின்னி, செடி வரிசையான நிறை எது, நடைபாதை எது என்று தெரியாமல் நின்றது. அதற்குள்ளே, கரும்பச்சை இலைகளுக்கு அடியில், வெள்ளை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது பூ.

நான் முதலில் பார்த்தது அதன் முதுகை. பச்சைப் புல்லிவட்டமும் வளைந்த குட்டைக் காம்பும்தான் கண்ணுக்குப் பட்டன. முகத்தைப் பார்க்க வேண்டுமானால் செடிக்கு அடியில் குந்தி அண்ணாந்து பார்க்க வேண்டும். குந்தினேன். கிண்ணம் போலக் குழிந்த வெள்ளை இதழ்கள், அவற்றுக்குள் நெருக்கிப் பிடித்த மஞ்சள் மகரந்தக் கேசரங்கள். ஒரு பூவைப் பறித்து மடியில் போட்டு எண்ணத் தொடங்கினேன், நூற்றைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். ஒட்டினாற்போல அதே கிளையில் மூன்று புடைப்புகளோடு பச்சைக் காய். தேயிலைக் காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். ஆகவே போன பூவின் காயும் இந்தப் பூவும் ஒரே கிளையில் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயமும் அங்கேதான் எனக்கு விளங்கியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நாம் காலமெல்லாம் சொல்லி வருகிறோமே, அந்த மொட்டு பூ மொட்டே அல்ல. அது இன்னும் விரியாத இலை. விஞ்ஞானப் பாடத்தில் முனையரும்பு, கக்கவரும்பு என்று மனப்பாடம் செய்து புள்ளி வாங்கியவள்தான் நான். நுனியில் இருப்பது இலையாக விரியப்போகும் முனையரும்பு. பூவின் மொட்டு உருண்டையாக, பச்சை மணி போல, இலைக்கும் தண்டுக்கும் நடுவில் தனியாக இருக்கிறது. மொட்டு என்ற சொல்லை நம்பி அதன் இடத்தில் ஒரு பூவை விரிய வைத்துவிட்டேன். அம்மா அந்தச் சொல்லை ஒருபோதும் பாவித்ததில்லை. அவருக்கு அது கொழுந்து, அவ்வளவுதான்.

நான் குந்தியிருந்த நேரம் முழுக்க அம்மா நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பூக்களை அவர் ரசிக்கவில்லை. திரும்பி இறங்கும்போதுதான் சொன்னார்: "மலை பூத்தால் மலை கெட்டுப்போனது என்று அர்த்தம். இந்த மலையில் நான் எத்தனை வருடம் கொழுந்தெடுத்தேன். இந்த நிறையில் நிற்கும்போதுதான் உனக்கு வயிற்றில் ஏழு மாதம். இப்போது பார், காடு. இதைப் போய்ச் சாக்கில் தைத்துச் சுவரில் மாட்டப் போகிறாயா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாருக்கும் அடங்காமல் பூத்து நிற்கும் செடியை நான் கண்டேன், கைவிடப்பட்ட வேலையை அம்மா கண்டார். என்னுடைய பார்வைதான் அழகானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தப் பூ வரவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய திறமை. அந்தத் திறமையைத் தைக்காமல் பூவை மட்டும் தைத்தால் அது இன்னொரு பங்களா ரோசாவாகத்தான் இருக்கும். அந்த எண்ணத்தோடுதான் இரண்டாவது தடவை ஊசியில் நூல் கோத்தேன்.

முதலில் துணி. நான் பாவித்த சணல் சாக்கு கடையில் வாங்கியது, புதியது. அம்மா இடுப்பில் கட்டிய படங்கோ உரச் சாக்கு. பழைய காலத்தில் சணல் சாக்கை வெட்டிக் கட்டினார்கள், அம்மாவின் காலத்தில் பிளாஸ்டிக் இழைச் சாக்கு வந்துவிட்டது. தேயிலைக் கிளைகள் இடுப்பிலும் தொடையிலும் கிழிக்காமல், பனி ஈரம் சேலைக்குள் இறங்காமல் அதுதான் காப்பாற்றியது. கடைசி நாள் கட்டியிருந்த படங்கைக் கழுவி மடித்துக் குசினியில் வைத்திருந்தார். கேட்டபோது, "அழுக்குத் துணி அது" என்று முதலில் தயங்கினார். பிறகு கொடுத்தார்.

பிளாஸ்டிக் சாக்கில் தைப்பது வேறு மாதிரி வேலை. சணல் இழை ஊசிக்கு வழி விட்டு, நூலை உருவினால் மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் இழை தட்டையான நாடா. ஊசி அதைக் கிழித்துக்கொண்டுதான் போகும், போட்ட ஓட்டை போட்டதுதான். பிரித்துத் தைக்க வழியில்லை. ஆகவே பூவைத் தனியாகப் பருத்தித் துணியில் தைத்து, அதைச் சணலில் ஏற்றி, சணலைப் படங்கின்மேல் கோணி ஊசியால் சில இடங்களில் மட்டும் பிடித்து வைத்தேன். எங்கே கிளை உரசி உரசிப் படங்கு தேய்ந்திருந்ததோ அந்த இடங்களில் ஊசியே படவில்லை. அங்கே ஏற்கெனவே ஒருவருடைய வேலை இருந்தது.

பிறகு சாயம். பால் இல்லாத தேநீரை மலையகத்தில் சாயம் என்றும் சாயத் தண்ணீர் என்றும்தான் சொல்வோம். துணிக்குச் சாயம் போடக் கற்கப் புத்தகம் புத்தகமாகத் தேடிய எனக்கு, காலையில் எழுந்ததும் வாயில் வரும் முதல் சொல் அதுதான் என்பது உறைக்க இத்தனை வருடமாயிற்று. தேயிலையில் துவர்ப்புச் சத்து நிறைய இருப்பதால் பருத்தியில் அது தானாகவே பிடித்துக்கொள்ளும். கொதிக்க வைத்து, துணியை இரவு முழுக்க ஊறவிட்டால் மரப்பட்டைப் பழுப்பு. அந்தத் துணியை ஆணித் துருவும் வினாகிரியும் சேர்ந்த நீரில் ஒரு தடவை முக்கி எடுத்தால் கண்ணெதிரே சாம்பலாகி, கருநீலச் சாயலோடு கறுத்துவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், பழைய காலத்து எழுத்து மை செய்ததும் இதே வழியில்தான். ஆனால் இரும்பு மிஞ்சிவிடக் கூடாது. மிஞ்சினால் நூல் நாளாக நாளாக இற்றுப்போகும். அம்மாவின் விரலில் இருந்த கறுப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஏழு தடவை முயன்று அந்தக் கறுப்பை எட்டினேன், பின்னணிக்கு முழுவதும் அந்த நூல்தான். பட்டர் புரூட் கொட்டையை வேகவைத்து எடுத்த இளஞ்சிவப்பு, காய்க்காம்புக்கு மட்டும். மஞ்சள் கிழங்குச் சாயத்தை நான் பாவிப்பதில்லை, வெயில் பட்டால் வெளிறிவிடும். மே மாதம் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் எதுவும் காயாது, சாயமேற்றிய நூலை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்த வேண்டும். ஒருமுறை கவனிக்காமல் மடித்து வைத்ததில் ஒரு கட்டு நூல் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

பூவுக்கு வருகிறேன். இதுதான் என்னை அதிக நாள் தூங்கவிடாமல் செய்தது. துணியில் தைக்கிற பூக்கள் எல்லாமே பெரும்பாலும் நம்மை நேருக்கு நேர் பார்ப்பவை. கண்டிய காலத்து வெற்றிலைப் பைகளை நூதனசாலையில் பார்த்திருப்பீர்கள், நீலமும் சிவப்புமான நூலில் நடுவே வட்டமாக விரிந்த மலர். அது மேலிருந்து பார்த்த மலர், முழு முகம். ஆனந்த குமாரசுவாமியோடு 1903இல் இலங்கைக்கு வந்த அவருடைய முதல் மனைவி எதெல் அந்தக் கண்டிய எம்பிராய்டரிகளை ஊன்றிக் கவனித்தவர். பிற்பாடு எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற கைத்தறிக் கலைஞரானார், செடிகளிலிருந்து சாயமெடுப்பதைப் பற்றி 1916இல் நூல் வெளியிட்டார். இந்த மலைகளில் இருந்த கைவேலையை ஒரு வெளியூர்ப் பெண் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று அறிந்தபோது, உள்ளூரில் இருந்தே பார்க்காத நாட்களை எண்ணி எனக்கு வருத்தமாக இருந்தது.

என் பூ முகம் காட்டாத பூ. அதன் முதுகைத்தான் தைக்க வேண்டும். சாட்டின் தையலில் போட்டால் துணியோடு ஒட்டிக்கொண்டு படம் போலாகிவிடுகிறது, பளபளப்பும் கூடுதல். கடைசியில் பொத்தான் துளைத் தையலைத் துணியில் பதிக்காமல், காற்றில் வரிசை மேல் வரிசையாகப் பின்னிக்கொண்டு போனேன். இப்படிப் பின்னினால் ஓரம் மட்டுமே துணியில் பிடித்திருக்கும், இதழ் தனியாக எழுந்து நிற்கும். இதழ்கள் சேர்ந்ததும் பூ தன் பாரத்தால் தானே கவிழ்ந்தது. அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. நான் கவிழ்க்கவில்லை, அதுவாகத் தலை குனிந்தது. உள்ளே கேசரங்களுக்கு ஒற்றை இழையில் நூற்றெண்பது பிரெஞ்சு முடிச்சுகள். நின்று பார்ப்பவர்களுக்கு அவை தெரியாது. குந்திப் பார்த்தால் தெரியும்.

அளவையும் மாற்றினேன். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் எனா த சில்வா தம் ஊர்ப் பெண்களோடு நடத்திய பத்திக், எம்பிராய்டரிக் கூடத்தை அவர் 2015இல் மறைந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். கொடிகளாகவும் பெரிய திரைகளாகவும் கூரை முழுக்க விரியும் துணிகளாகவும் கைவேலையைச் சிந்தித்தவர் அவர். ஊசிவேலை என்றால் மடியில் அடங்க வேண்டும் என்ற என் பழக்கம் அங்கே உடைந்தது. ஒரு கைக்குட்டை அளவில் தொடங்கியவள், இப்போது ஆள் உயரப் படங்கு முழுவதையும் பாவித்தேன்.

அம்மா இடையிடையே வந்து பார்த்தார். ஊசிக் காதில் நூல் கோக்க இப்போது அவருக்குக் கண் போதாது, ஆனால் இலையைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும் துணிக்குள் போயிருக்கிறது. நுனியில் வெள்ளி மயிர் போல ஒரு பூச்சு இருக்க வேண்டும் என்றார், சாம்பல் பட்டு நூலில் ஒற்றை இழை சேர்த்தேன். முதல் இலை மஞ்சள் கலந்த பச்சை, மூன்றாவது இலையில் ஓரப் பற்கள் நன்றாகத் தெரிய வேண்டும், கிள்ளிய காம்பின் முனை ஒரே நாளில் கறுக்கும் என்றார். கீழ்க்கிளைகளில் அப்படிக் கிள்ளிய முனைகள் மட்டும் நாற்பத்திரண்டு தைத்தேன். அவை வெறும் சிறு கறுப்புக் கோடுகள். எனக்கு இந்தத் துணியில் பூவைவிட அவைதான் முக்கியம்.

"இதற்கு எத்தனை பேர் ஆகியிருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டார். ஒரு நாள் வேலை தோட்டத்தில் ஒரு பேர். கணக்குப் பார்த்தேன், இருநூற்றுப் பத்துக்கு மேல் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் கூட்டத்துக்கு நான் விற்கும் ஹைட்ரேஞ்சியா தலையணை உறைகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன என்பது அவருக்குத் தெரியும். அவற்றையும் மனமொப்பித்தான் தைக்கிறேன். ஆனால் இருநூற்றுப் பத்துப் பேரை ஒரே துணிக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

போன மாதம் முடித்து, லயத்து இஸ்தோப்பில், முன் விறாந்தையில், கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்துக் காம்பராக்களில் இருந்த பெண்கள் வந்து பார்த்தார்கள். சித்தி படங்கைத் தடவிப் பார்த்து, தேய்ந்த இடத்தில் விரலை வைத்து, "வலப்பக்கம்தான் எல்லாருக்கும் தேயும்" என்றார். இரண்டு சின்னப் பிள்ளைகள் அடியில் குந்தி முடிச்சுகளை எண்ணத் தொடங்கினார்கள்.

அம்மா கடைசியாக வந்தார். பூவை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. நேரே நுனிக்குப் போய், தைத்த கொழுந்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்தார்.

"இது முற்றிவிட்டது. போன கிழமையே எடுத்திருக்க வேண்டும்" என்றார்.

விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"பரவாயில்லை. இருக்கட்டும்."